பழைய டூரிங் வண்டிக்கு இன்ஜின் வேலையா, புது வண்டியா?

கேள்வி, ஜனவரி 9

என்னிடம் 2003 ஹார்லி-டேவிட்சன் எலெக்ட்ரா கிளைடு இருக்கிறது, நீண்ட பயணத்துக்கான டூரிங் பைக். இன்ஜின் ட்வின் கேம் 88 (88 கன அங்குலம்), கார்புரேட்டர் வண்டி, 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பின்னால் மனைவி, பக்கப் பெட்டி இரண்டு, மேல்பெட்டி ஒன்று, எல்லாம் நிறையச் சாமான். மேடு வந்தால் வண்டிக்கு மூச்சு வாங்குகிறது. லாரியை முந்த இரண்டு கியர் குறைக்க வேண்டியிருக்கிறது. இன்ஜினை 95 கன அங்குலமாகப் பெரிதாக்கும் 95 கிட் போடலாமா, இல்லை விற்றுவிட்டு ஹார்லியின் அடுத்த தலைமுறை இன்ஜினான மில்வாக்கி எய்ட் இருக்கும் வண்டியை வாங்கிவிடலாமா? இன்ஜின் செய்தால் புது வண்டிக்குச் சமமாகிவிடும் என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார்.

ஜனவரி 9, இரவு

சமமாகாது. 88 என்பது 1450 சிசி. 95 போட்டால் 1550 என்பார்கள், எட்டு சதவீதம் கூடும். மில்வாக்கி எய்ட் 107 என்பது 1746 சிசி. சிலிண்டருக்கு நாலு வால்வு, இரண்டு பிளக், கம்ப்ரஷன் (சிலிண்டரில் கலவை அமுங்கும் விகிதம்) பத்துக்கு ஒன்று. தயாரிப்பாளர் சொல்லும் டார்க் (இழுவை) சுமார் 150 நியூட்டன் மீட்டர், அதுவும் 3,250 ஆர்பிஎம்மிலேயே. எட்டு சதவீதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

என்னைக் கேட்டால் இன்ஜினைத் தொடாதீர்கள். வண்டி பிடித்திருந்தால் இப்படியே ஓட்டுங்கள், பிடிக்கவில்லை என்றால் விற்றுவிடுங்கள். நானும் 2002 ரோடு கிங் (அதே 88 இன்ஜின் உள்ள இன்னொரு ஹார்லி டூரிங் வண்டி) வைத்துக்கொண்டு இதே கனவைக் கண்டு, இதே வேலையைச் செய்தவன்தான். அந்தக் கதை பிறகு.

ஜனவரி 10

நேற்று எழுதிய எட்டு சதவீதம் தப்பு. கிட்டின் பெயரை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டேன்.

88-இன் சிலிண்டர் துளை 95.25 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம்) 101.6. 95 கிட்டில் துளை மட்டும் 98.4 ஆகிறது, ஸ்ட்ரோக் அப்படியே இருக்கிறது. உட்கார்ந்து பெருக்கினால் 94.3 கன அங்குலம்தான் வருகிறது, அதாவது 1546 சிசி. கூடுவது ஏழு சதவீதம்கூட முழுசாக இல்லை.

வண்டி, நீங்கள், மனைவி, சாமான் எல்லாம் சேர்ந்தால் ஐந்நூறு கிலோவைத் தாண்டும். அதில் ஏழு சதவீதம் என்றால் முப்பத்தைந்து கிலோ. அடுத்த பயணத்துக்கு முன்னால் மூன்று பெட்டியையும் ஒரு தடவை எடை போட்டுப் பாருங்கள். சும்மா சொல்லவில்லை. என் பெட்டியில் நாலு வருஷமாக ஒரு முழு ஸ்பேனர் செட்டும் ஒரு கூடாரமும் கூடவே ஊர் சுற்றிக்கொண்டிருந்தன. கூடாரத்தை ஒரே ஒரு முறைதான் விரித்தேன்.

ஜனவரி 10, சற்று நேரம் கழித்து

"95 போட்டவர்கள் எல்லாரும் வண்டி பறக்கிறது என்கிறார்களே" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். பறக்கலாம். ஆனால் யாரும் துளையை மட்டும் பெரிதாக்கிவிட்டு நிறுத்துவதில்லை. கூடவே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் மாறும், கம்ப்ரஷன் ஏறும், ஏர் கிளீனர் திறக்கும், கார்புரேட்டர் ஜெட் மாறும், சைலன்சர் மாறும். புகழ் மட்டும் பிஸ்டனுக்குப் போய்விடுகிறது.

ஜனவரி 12

சரி, என் கதை. முதலில் செய்ய வேண்டியதை நான் ரொம்பத் தாமதமாகச் செய்தேன், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உங்களிடம் இருப்பது 2007-க்கு முந்தைய ட்வின் கேம். அதில் இரண்டு கேம், அவற்றைச் சுற்ற இரண்டு செயின், ஒவ்வொன்றையும் இறுக்கிப் பிடிக்க ஸ்பிரிங் வைத்த ஒரு பிளாஸ்டிக் ஷூ. 2007-இல் (டைனா என்ற இன்னொரு ஹார்லி வரிசையில் 2006) இது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டென்ஷனராக மாறியது. பழையதில் ஸ்பிரிங் எந்நேரமும் ஷூவைச் செயின் மேல் அமுக்கிக்கொண்டே இருக்கும், ஷூ தேய்ந்துகொண்டே போகும். தேய்வது அதன் வேலை. திறந்து பார்ப்பது ஓட்டுபவன் வேலை. நான் பார்க்கவில்லை.

80,000-இல் ஒருவழியாக கேம் மூடியைக் கழற்றினேன். வெளி ஷூவில் செயின் அறுத்த இரண்டு பள்ளம், விரல் நகம் உள்ளே போகிற ஆழம். உள் ஷூவைப் பார்க்க, கேம்களைத் தாங்கும் கேம் பிளேட்டையே இழுக்க வேண்டும். இழுத்தேன். ஷூவில் கால்வாசி காணவில்லை. காணாமல் போனது எங்கே என்று தேடினால், ஆயில் பம்ப்பின் உள்ளே சுவரெல்லாம் நகக்கீறல் மாதிரிக் கோடு. துணுக்குகள் அந்த வழியாகத்தான் போயிருக்கின்றன. இன்னும் ஓராயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் பம்ப் மட்டும் போயிருக்குமா, இன்ஜினே போயிருக்குமா, தெரியாது.

அதனால் 95-ஐப் பற்றி யோசிக்கும் முன்பு கேம் மூடியைக் கழற்றுங்கள். 92,000-இல் அந்த ஷூக்களை யாரும் மாற்றினார்களா என்று உங்களுக்குத் தெரியாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 13

மேலே எழுதியதில் விட்டது: மூடியைக் கழற்றும்போதே டயல் கேஜ் என்ற அளவுக் கருவியை வைத்து கிராங்க் ஷாஃப்ட்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின்) ஆட்டத்தையும் அளந்துவிடுங்கள். இந்த கிராங்க் ஒரே துண்டு இல்லை, அழுத்திச் சேர்த்தது, அதனால் கொஞ்சம் கோணலாகலாம். செயினைத் தூக்கிப் போட்டுவிட்டு கியர் வைத்த கேம் போடும் ஆசை இருந்தால் ஆட்டம் 0.003 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், அதாவது 0.08 மி.மீ. கூட இல்லை. தாண்டினால் கியர் ஊளையிடும், பிறகு பல்லைத் தின்னும். அப்போது ஹைட்ராலிக் டென்ஷனர் கிட்தான் வழி. புது கேம் பிளேட், பெரிய ஆயில் பம்ப் எல்லாம் அதோடு வரும். உள்பக்க கேம் பேரிங்கையும் அப்போதே மாற்றுங்கள். அதற்காக இன்னொரு தடவை பிரிப்பது கொடுமை.

ஜனவரி 13, இரவு

"சைலன்சர் மட்டும் மாற்றினால் பிக்கப் வருமா?" சத்தம் ஏறும், மேடு ஏறாது. அடுத்த கேள்வி.

ஜனவரி 17

கேம் பற்றி நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். இதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை.

ஷூவுக்காகத் திறந்தேன் அல்லவா? திறந்ததுதான் திறந்தோம் என்று 95 சிலிண்டர், உயர்ந்த கம்ப்ரஷன் பிஸ்டன், பட்டியலிலேயே பெரிய லிஃப்ட் இருந்த (வால்வை அதிக உயரம் தூக்குகிற) கேம், மூன்றையும் ஒரே மூச்சில் போட்டேன். மூடி, ஸ்டார்ட் செய்தேன். ஐட்லில் வண்டி குதித்தது. கேட்க அருமையாக இருந்தது. மேட்டில் கொண்டுபோனால் முன்பைவிட மோசம்.

காரணம் சிக்கலானது இல்லை. பெரிய கேம், கலவை உள்ளே வருகிற இன்டேக் வால்வைத் தாமதமாக மூடும். பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் வால்வு திறந்தே இருக்கும். வேகம் குறைவாக இருக்கும்போது, உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போய்விடும். பிஸ்டனில் எழுதியிருக்கிற கம்ப்ரஷன் வேறு, சிலிண்டருக்குள் நிஜமாக அமுங்குவது வேறு. 4,000-க்கு மேல் என் வண்டி காட்டுக் குதிரை. ஆனால் முந்நூற்று ஐம்பது கிலோ டூரிங் வண்டியை யார் 4,000-இல் வைத்து ஓட்டுகிறார்கள்? பகல் முழுக்க 2,200, 2,800, முந்தும்போது 3,300. அந்த இடத்தில்தான் எனக்கு ஒன்றும் இல்லை.

ஒரு கோடைக்காலம் முழுக்க வீம்புக்கு அப்படியே ஓட்டினேன். போட்டது நான், குறை சொன்னால் கேவலம். பிறகு சத்தம் காட்டாமல் சீக்கிரம் மூடுகிற, சின்ன லிஃப்ட் கேமைப் போட்டேன். ஐட்ல் சாதுவானது, மேடு ஏறியது. ஆனால் கம்ப்ரஷன் இப்போது நிஜமாகவே ஏறிவிட்டதால் வெயிலில் மெதுவாக ஏறும்போது 'டிக் டிக்' என்று நாக்கிங், கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிக்கிற சத்தம். காற்றில் குளிரும் இன்ஜின், அதிலும் பின் சிலிண்டருக்குக் காற்று குறைவு, முதலில் அதுதான் கத்தும். உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல் மட்டும், இக்னிஷனை (பிளக் பொறி விடும் நேரத்தை) கொஞ்சம் பின்னால் தள்ளி, அப்படித்தான் இன்றும் ஓடுகிறது.

ஜனவரி 18

ஒருவர் நேராகக் கேட்டார்: "மொத்தத்தில் லாபமா நஷ்டமா?"

இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லிவிடுகிறேன். இவ்வளவும் முடிந்து ஆறு மாதம் கழித்து கார்புரேட்டரைச் சுத்தம் செய்யப் பிரித்தேன். உள்ளே, காற்றுப் பாதையைத் திறக்கும் ஸ்லைடைத் தூக்குகிற ரப்பர் டயாஃப்ரம் இருக்கும். அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். ஓரத்து மடிப்பில் ஊசி முனை அளவுக்கு ஒரு வெளிச்சப் புள்ளி. ஓட்டை. அது இருந்தால் ஸ்லைடு முழுசாக ஏறாது. திராட்டிலை எவ்வளவு முறுக்கினாலும் வண்டி பாதித் தொண்டையில்தான் மூச்சு விடும்.

அந்த ஓட்டை எப்போதிலிருந்து இருந்தது? எனக்குத் தெரியாது. இன்ஜினைப் பிரிப்பதற்கு முன்பே இருந்திருந்தால், நான் குறைபட்ட சோம்பேறித்தனம் முழுக்க உள்ளங்கை அளவு ரப்பரின் வேலை. என் வீட்டில் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது.

உங்களுடையதும் கார்புரேட்டர் வண்டி. அதைத்தான் முதலில் பாருங்கள். ஜனவரி 12-இல் கேம் மூடியை முதலில் கழற்றச் சொன்னேன், அது உயிர்காக்க. இது நோய் என்ன என்று கண்டுபிடிக்க.

ஜனவரி 22

புது வண்டிப் பக்கத்துக்கு நான் நியாயம் செய்யவில்லை என்று குற்றச்சாட்டு. நியாயமான குற்றச்சாட்டுதான்.

தெரிந்தவர் ஒருவரின் மில்வாக்கி எய்ட் 107-ஐ இரண்டு நாள் ஓட்டியிருக்கிறேன். இழுவை பற்றி எல்லாரும் பேசுவார்கள், அது இருக்கட்டும். எனக்கு உறைத்தது பிரேக். சரிவில் ஈர ரோட்டில் முன்னால் போன கார் சட்டென்று நின்றது. நான் இரண்டையும் பிடித்தேன், லீவர் விரலுக்குள் துடித்தது, வண்டி நேர்கோட்டில் நின்றது. அவ்வளவுதான். அதே இடத்தில் என் ரோடு கிங் இருந்திருந்தால் பின் சக்கரம் எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

2008-இல் டூரிங் வண்டிகளுக்கு பிரெம்போ நிறுவனத்தின் பிரேக் வந்தது, ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) வேண்டுபவர்களுக்குக் கிடைத்தது. 2009-இல் ஃபிரேமே புதிது. 2014-இல் முன்பின் இணைந்த பிரேக், தடித்த ஃபோர்க். 2017-இல்தான் மில்வாக்கி எய்ட்: ஒற்றை கேம், அதிர்வைக் குறைக்க பேலன்சர், நாக்கிங்கைத் தானே கேட்டு டைமிங்கைத் திருத்தும் சென்சார். ஜனவரி 17-இல் நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வேலையை அது நொடிக்குப் பல தடவை செய்கிறது.

ஆகவே குறை பிரேக்கிலோ வளைவில் ஆடுவதிலோ இருந்தால், 95 போடுவது நிற்க முடியாத வண்டியை இன்னும் வேகமாக ஓட வைப்பதுதான். ஏபிஎஸ்ஸைப் பழைய ஃபிரேமில் ஒட்ட வைக்க முடியாது.

ஜனவரி 23

வளைவில் ஆடுவது பற்றி எழுதியதைக் கொஞ்சம் திருத்துகிறேன். 2009-க்கு முந்தைய டூரிங் வண்டிகளில், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் ரப்பர் புஷ்ஷில் உட்கார்ந்திருக்கும். பழசானால் ரப்பர் தளரும், வேகமான வளைவில் வண்டியின் பின்பாதி வேறு ரோட்டில் போவது போல இருக்கும். புஷ், இன்ஜின் மவுண்ட், நல்ல ஷாக், புது டயர் மாற்றினால் பாதிக்கு மேல் சரியாகும். முன் பிரேக்குக்கும் நல்ல பேட், ஸ்டீல் பின்னிய ஹோஸ் போட்டால் வித்தியாசம் தெரியும். ஏபிஎஸ் மட்டும் வரவே வராது. இந்த வேலைகள் எல்லாம் இன்ஜினை விடச் சுலபம். ஆனால் இதைச் செய்துவிட்டு யாரும் நாலு பேரிடம் காட்டிப் பெருமைப்பட முடியாது. அதனால்தானோ என்னவோ யாரும் செய்வதில்லை.

ஜனவரி 24

"புது வண்டி, பழைய வண்டி என்று இரண்டே வழியா?" நல்ல கேள்வி. இதுவரை எனக்கே தோன்றவில்லை. 2009-இலிருந்து 2016 வரை வந்த பழைய வண்டி வாங்கலாமே. ஹைட்ராலிக் டென்ஷனர், ஆறு கியர், ஃபியூல் இன்ஜெக்ஷன், புது ஃபிரேம் எல்லாம் இருக்கும். அவற்றில் இன்ஜின் 96 அல்லது 103. 96 என்றால் 1584 சிசி. சுவாரசியம் என்னவென்றால் அதன் துளை உங்கள் 88-இன் துளையேதான், ஸ்ட்ரோக்தான் 111 மி.மீ. ஆகிவிட்டது. 103 என்றால் 1690 சிசி, 95 கிட்டின் துளையும் 96-இன் ஸ்ட்ரோக்கும் சேர்ந்தது. 2012-இலிருந்து டூரிங் வரிசை முழுக்க 103. நீங்கள் பட்டறையில் தேடுவது அங்கே தொழிற்சாலையிலேயே செய்து கிடக்கிறது.

இப்போதைக்கு என் ஓட்டு இதற்கு. 9-ஆம் தேதி சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

பிப்ரவரி 2

கேட்டவர் தகவல் அனுப்பியிருக்கிறார். டயாஃப்ரம் நல்லது. ஷூக்கள் இரண்டும் பள்ளம், ஆனால் உடையவில்லை. கிராங்க் ஆட்டம் கியர் கேமுக்குச் சரிவராது. கம்ப்ரஷன் பார்த்தாரா என்றால், முன் சிலிண்டர் சரி, பின் சிலிண்டர் அதைவிட ஏறக்குறைய கால்வாசி குறைவு. இரண்டுக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது.

அடுத்த சோதனையைச் சொன்னேன். பிளக் ஓட்டை வழியாக பின் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி அளக்கவும். அழுத்தம் ஏறினால், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கின் இடைவெளியை எண்ணெய் அடைத்திருக்கிறது, ஆகவே ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு. அளக்கும்போது இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், திராட்டில் முழுக்கத் திறந்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 3

ஏறிவிட்டது. ரிங்.

அப்படியானால் இதுவரை நாம் பேசியது பாதி வீண். அவருடைய 88 சின்ன இன்ஜின் என்பதால் திணறவில்லை. ஒன்றே முக்கால் சிலிண்டரில் இரண்டு பேரையும் மூன்று பெட்டியையும் இழுத்துக்கொண்டிருந்தது. ஆரோக்கியமான 88 அந்த மேட்டை ஒரு கியர் குறைத்து ஏறிவிடும்.

ஆனால் ரிங் மாற்ற சிலிண்டர் வெளியே வரத்தான் வேண்டும். தேய்ந்த சிலிண்டரை எப்படியும் போர் போட (துளையைக் கொஞ்சம் பெரிதாகக் கடைய) வேண்டும். எப்படியும் போர் என்றால் அடுத்த ஓவர்சைஸுக்குப் போடுவதற்குப் பதிலாக 98.4-க்கே போட்டுவிடலாம், வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். கேம் பகுதியும் ஷூவுக்காகத் திறந்தே கிடக்கிறது. ஆக, மூன்று வாரமாக வேண்டாம் என்று கத்தியவன் இப்போது சொல்கிறேன்: 95 போடுங்கள். மிதமான கேம், ஹைட்ராலிக் டென்ஷனர், கம்ப்ரஷனில் பேராசை வேண்டாம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 3, பின்குறிப்பு

போர் போடுபவரிடம் டார்க் பிளேட் இருக்கிறதா என்று கேளுங்கள். ஹெட்டை இறுக்கும்போது சிலிண்டர் கொஞ்சம் கோணும். ஹெட்டுக்குப் பதிலாக இந்தப் பிளேட்டை இறுக்கி, அந்தக் கோணலோடு வைத்துத்தான் துளை போட வேண்டும், அப்போதுதான் மாட்டிய பிறகு வட்டமாக இருக்கும். பிளேட் இல்லாமல் துளை போட்டால், மேஜை மேல் வட்டம், வண்டியில் முட்டை. நான் முதலில் கொடுத்த பட்டறையில் "அதெல்லாம் தேவையில்லை" என்றார்கள். 3,000 கிலோமீட்டரில் புகை வந்தது.

ஏப்ரல் 6

வேலை முடிந்துவிட்டதாம். முதல் 800 கிலோமீட்டர் விரட்டாமல், ஒரே வேகத்தில் பிடித்து வைக்காமல், ஏற்றி இறக்கி ஓட்டியிருக்கிறார். மேட்டில் ஒரு கியர் மட்டும் குறைக்கிறார். மனைவியின் கருத்தையும் கேட்டேன்: வித்தியாசம் எதுவும் தெரியவில்லையாம், சீட்டை எப்போது மாற்றுவதாக உத்தேசம் என்று கேட்டாராம்.

என் 2002 இன்னும் உயர்ந்த ஆக்டேன் தேடிக்கொண்டிருக்கிறது. எழுதுகிறபோது பிஸ்டனை மாற்றலாமா என்று ஓர் எண்ணம் வந்தது. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், போய்விட்டது.

ஏப்ரல் 19

அவர் முதல் எண்ணெயை வடித்துவிட்டு, டிரெயின் போல்ட்டின் காந்தத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி மெல்லிய பூச்சு, விரலில் தேய்த்தால் மை போல வரும். இழையோ துகளோ இல்லை. ரிங் உட்கார்கிற காலத்தில் அது இருக்கத்தான் செய்யும். துடைத்து மாட்டச் சொன்னேன்.

படத்துக்குக் கீழே ஒரு வரி: "ஐந்து கியர் பெட்டியில் ஆறு கியர் கிட் போட்டால் எப்படி இருக்கும்?"

அதைத் தனியாகக் கேளுங்கள்.